பொந்துக்குள்ள போக பீசு

பொந்துக்குள்ள நுழையறதுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு பணம் கட்டணுமாமே, நெசமா கண்ணு? நான் நம்பல. ஓசூர் கம்பெனிக்குப் போற பேரப்பய போன்ல வீடியோ காட்டினான். அப்புறம்தான் நம்பினேன். கோலார் பக்கம் அந்தரகங்கை மலையாம். சனிக்கெழமை ராத்திரி பெங்களூர்ல வேன் ஏறணும். நடுச்சாமத்துல மலை ஏறணும். கல்லு இடுக்குல வயித்தைத் தேச்சுக்கிட்டு நுழைஞ்சு அந்தப் பக்கம் வரணும். விடியறப்போ உச்சியில நின்னு சூரியனைப் பாத்துக் கைதட்டணும். சூரியன் எங்க அஞ்செட்டியிலயும் தெனம் வருது. யாரும் பீசு கேக்கறதில்ல. கைதட்டறதும் இல்ல.

அந்தரகங்கைக்கு நாங்களும் போயிருக்கோம்ப்பா. காசி விசுவேசுவரர் கோயில். கல்லு நந்தி வாயில இருந்து தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். அதைக் குடிச்சோம், சாமி கும்பிட்டோம், கொரங்குக்குப் பயந்து தேங்காயை வேட்டிக்குள்ள மறைச்சுக்கிட்டு எறங்கினோம். மேல கெடக்கற பாறை இடுக்கைப் பாத்து ஒருத்தர், "உள்ள கரடி இருக்கும்டா"ன்னாரு. சரின்னு வந்துட்டோம். இப்ப அந்த இடுக்குக்கு டிக்கெட் போட்டிருக்காங்க. கரடிக்கு அதுல பங்கு உண்டான்னு கேட்டுச் சொல்லு.

அந்த வீடியோவுல எனக்குப் பிடிச்சது சாமான்தான். தலைக்குத் தொப்பி. தொப்பி மேல லைட்டு. லைட்டு பக்கத்துல கேமரா. முழங்காலுக்கு மெத்தை, முழங்கைக்கு மெத்தை. இடுப்புல வாரு, வாருல கொக்கி, கொக்கியில இன்னொரு கொக்கி. இத்தனையும் மாட்டிக்கிட்டு ஒரு பய சொல்றான், "என்னைய நானே தேடிப் போறேன்"னு. அடேய், வேன்ல உன்னைய எண்ணித்தானே ஏத்தினாங்க? அதுக்குள்ள எங்கடா தொலைஞ்ச?

அந்தரகங்கையில இருந்து தங்கவயல் ரொம்பத் தூரம் இல்ல. 1880-ல ஜான் டெய்லர் கம்பெனிக்காரன் வந்து தோண்ட ஆரம்பிச்சான். 1902-லயே சிவசமுத்திரத்துல இருந்து அந்த ஊருக்குக் கரண்டு இழுத்துட்டாங்க. பெங்களூர் அப்ப இருட்டுலதான் கெடந்துச்சு. வட ஆற்காடு, சேலம், சித்தூர்னு பஞ்சம் பொழைக்கப் போன ஜனம்தான் உள்ள எறங்குச்சு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம். எங்க சித்தப்பா ஒருத்தர் அங்க கூண்டுல எறங்கினவரு. கூலியைத் தேடி எறங்கினாரு. கூலி கெடைச்சுது. கல்லுத்தூசி இருமலும் சேந்து கெடைச்சுது. 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தை மூடினப்போ, "இனிமே அந்த ஓட்டைக்குள்ள யாரும் போக வேண்டியதில்ல"ன்னு திண்ணையில உக்காந்து சொன்னாரு. அவருக்கு அந்த வீடியோவைக் காட்டியிருக்கணும். சிரிச்சே இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாரு.

இப்படிப் பேசறேன்னு கெவிக்குப் போறவன் எல்லாம் கோமாளின்னு நான் சொல்றதா நெனைக்காத. வெவரமான ஆளுங்களும் இருக்காங்க. ஆனா நெசமான கெவி நம்ம பக்கம் கெடையாது. நம்மது கருங்கல்லு. மழை அதைக் கழுவும், அதுக்கு மேல ஒண்ணும் செய்யாது. பெரிய பாறைங்க ஒண்ணு மேல ஒண்ணு சரிஞ்சு கெடக்கும், நடுவுல சந்து. அந்தச் சந்தைத்தான் உங்களுக்கு விக்கறாங்க. சுண்ணாம்புக்கல் சேதி வேற. மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கற கரியமில வாயுவைச் சேத்துக்கிட்டு லேசாப் புளிச்சு எறங்கும். அந்தப் புளிப்பு கல்லை லட்சக்கணக்கான வருஷமாத் தின்னும். தின்ன எடம்தான் கெவி. மேகாலயாவுல அந்தக் கல்லும் இருக்கு, உலகத்துலயே கூடுதலா மழை கொட்டற மௌசின்ராமும் இருக்கு. அப்புறம் கேக்கணுமா?

1992-ல இருந்து ஷில்லாங் ஊரு மேகாலயா அட்வென்சரர்ஸ் அசோசியேஷன் ஆளுங்களும் வெளிநாட்டு ஆளுங்களும் சேந்து, மழையில்லாத மாசமாப் பாத்து உள்ள போயி அளந்துக்கிட்டே வர்றாங்க. ஜைந்தியா மலையில கிரெம் லியாத் பிரான்னு ஒண்ணு, 30 கிலோமீட்டருக்கு மேல போகுது. கிரெம் பூரி மணல்கல்லுல ஆனது, 24 கிலோமீட்டர் சொச்சம். மணல்கல் கெவியில உலகத்துக்கே நீளம் இதுதான்னு 2018-ல சொன்னாங்க. இங்க பஸ் ஏறி தேன்கனிக்கோட்டைக்குப் போற தூரம் ஏறக்குறைய அது. அவ்வளவையும் பூமிக்கு அடியில தவழ்ந்துக்கிட்டே அளந்திருக்கான். சிரபுஞ்சி பக்கம் மௌம்லூ கெவியில சொட்டுச் சொட்டா வளந்த கல்லு ஒண்ணை அறுத்துப் பாத்து, 4,200 வருஷத்துக்கு முந்தி மழை பொய்ச்சுப் போனதைக் கண்டுபிடிச்சாங்க. அப்ப இருந்து இப்ப நாம இருக்கற காலம் வரைக்கும் 'மேகாலயன்'னு 2018-ல பேரே வெச்சுட்டாங்க. அந்த ஆளுங்க படத்தைப் பாரு. மொகமெல்லாம் சேறு. கையில அளவு நாடா, நனையாத நோட்டு. எவனும் கண்ணாடி போட்டுக்கிட்டுச் சிரிக்கல. அடுத்த முக்கு எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கற அவசரத்துல இருக்கான்.

நீயும் வர்ற தை மாசம் அங்க போறியாமே? கயித்துல எறங்கற கெவிக்கு? உங்கம்மா சொல்லி மூக்கைச் சிந்துனா.

எறங்கறது பெரிய விஷயமில்ல கண்ணு. பூமியே இழுத்துக்கும். ஏறறதுதான் கணக்கு. முன்ன எல்லாம் ஏணி கட்டி எறங்கினாங்க. 1960-கள் கடைசியில பெட்சில்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, அவரே கெவிக்குள்ள கெடந்த ஆளு, பல்லு வெச்ச கொக்கி பண்ணினாரு. மேல தள்ளினா கயித்துல வழுக்கிக்கிட்டுப் போகும். கீழ இழுத்தா கவ்விக்கும். ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு கையில. கைக்கொக்கியில இருந்து காலுக்கு ஒரு வளையம். காலை மடக்கு, எழுந்து நில்லு, நெஞ்சுக்கொக்கி மேல ஏறிக்கும், உக்காரு. மறுபடி காலை மடக்கு. பனை ஏறறவன் தளை போட்டுக்கிட்டு ஏறற மாதிரியேதான். அவன் மரத்தைக் கட்டிப் புடிச்சுக்குவான். உனக்குக் கட்டிப் புடிக்க ஒண்ணும் இருக்காது, சுத்தி இருட்டுதான்.

கயிறு ரெண்டு டன்னு தாங்கும்னு சொன்னியாமே. தாங்கும். நைலான் நூலை உள்ள வெச்சு மேல உறை பின்னின கயிறு, நல்ல சரக்கு. ஆனா நீ ஏறறப்போ அது மேலயும் கீழயும் ஆடும். ஆடறப்போ பாறை விளிம்புல உரசினா என்னா ஆகும்? அறுக்க அருவாளா வேணும்? அதனாலதான் வெவரமானவன் நடுவுல நடுவுல பாறையில ஆணி அடிச்சு, கயித்தை அங்க மறுபடி கட்டி, உரசாத எடமாப் பாத்துத் தொங்க விடறான். அந்தக் கட்டு வர்ற எடத்துல, பாதி வழியில, ஒரு கொக்கியைக் கழட்டி அடுத்த கயித்துல மாட்டணும். எதை மொதல்ல மாட்டணும், எதை அப்புறம் கழட்டணும்? மாத்திச் செஞ்சா அங்கயே தொங்குவ. வாருல அசையாமத் தொங்கினா காலுக்குப் போன ரத்தம் மேல வராது. மயக்கம் வரும். அப்படியே விட்டா கயிறு அறாமலே உசுரு போயிடும். இதை நம்ம புளியமரத்துல கயிறு கட்டி, பகல் வெளிச்சத்துல, பழகிப் பாத்தியா? "அங்க போனா சொல்லித் தருவாங்க தாத்தா"ங்கற. அந்தரத்துல தொங்கிக்கிட்டா பாடம் கேப்ப?

சரி, அது போகட்டும். இதைச் சொல்லு. மேல யாரு நிப்பா?

மலைத்தேன் எடுக்கறவங்களைப் பத்திக் கேட்டிருக்கியா? பாறை மொகட்டுல இருந்து கொடியில பின்னின ஏணியை விட்டு, இருட்டுல, புகை போட்டுக்கிட்டு எறங்குவாங்க. கீழ பாதாளம். மூஞ்சிக்கு முன்னால அடை அடையா மலைத்தேனீ. மேல கயித்தைக் காவல் காக்கறதுக்குக் கூடப் பொறந்தவனை விடமாட்டாங்கன்னு சொல்லுவாங்க. மச்சானைத்தான் விடுவாங்க. பொண்டாட்டியோட அண்ணனோ தம்பியோ. ஏன்னு யோசி. யோசிச்சியா? அண்ணன் தம்பிக்குள்ள பங்கு இருக்கு. கயித்தை விட்டா வரப்பு நகரும்னு ஒரு நெனப்பு எப்பவாச்சும் வந்து தொலைக்கலாம். மச்சானுக்கு அந்த நெனப்பு வராது. கயிறு போனா அக்கா தாலி போச்சு. மூணு புள்ளைங்களோட வந்து அவன் வீட்டுத் திண்ணையில உக்காந்துக்குவா. அப்புறம் களி கிண்டிப் போடறது யாரு? அவங்க பாசத்தை நம்பினாங்கன்னா நெனைக்கற? கணக்கை நம்பினாங்க.

இன்னொண்ணு கேளு. மன்னார் வளைகுடாவுல முத்துக் குளிக்க எறங்கினவங்களும் மச்சான் கையிலதான் கயித்தைக் குடுப்பாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. மலைக்காரனும் கடல்காரனும் என்னைக்காவது சந்திச்சுப் பேசியிருப்பாங்களா? ரெண்டு பேருக்கும் தனித்தனியா இந்தப் புத்தி வந்திருக்கு.

உன் கயித்தைப் பாக்கறவன் யாரு? வாட்ஸப் குரூப்புல ஒரு வாரப் பழக்கம். அவனுக்கு நீ ஒரு வரிசை நம்பரு. போறதுக்கு முந்தி, "எனக்கு ஏதாச்சும் ஆனா கம்பெனி பொறுப்பில்ல"ன்னு காயிதத்துல கையெழுத்து வாங்கறானாமே? எந்த மச்சான்டா அப்படிக் கையெழுத்து வாங்குவான்? கயித்தைக் குடுக்கறதுக்கு முந்தியே கைகழுவறவன் கையில கயித்தைக் குடுக்கற தைரியம் எனக்கு இல்லப்பா. ஆயிரம் ரூவா கொக்கிக்கு முத்திரை இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாத்த. அந்த ஆளை ஒரு தடவையாச்சும் திருப்பிப் பாத்தியா? இதுக்கு முந்தி எத்தனை பேரைக் கெவியில இருந்து வெளிய கொண்டாந்திருக்கான்? மாட்டிக்கிட்டா எந்த ஊர்ல இருந்து யாரைக் கூப்பிடுவான்? எத்தனை மணிக்குள்ள நீங்க வரலன்னா தேடணும்னு வெளிய யாருகிட்டயாவது சொல்லிட்டுப் போறானா? மேகாலயாவுல அளக்கப் போறவங்க இதையெல்லாம் எழுதி வெச்சுட்டுத்தான் உள்ள தலையை விடறாங்க. ஆளுக்கு மூணு லைட்டு வேற. ஒண்ணு அணைஞ்சா ஒண்ணு. அதுவும் அணைஞ்சா ஒண்ணு.

அப்புறம் அந்தக் குறுகல். பெங்களூர் பஸ்ல எடமில்லன்னா "சொல்ப அட்ஜஸ்ட் மாடி"ம்பாங்க. பாறைக்குக் கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. அட்ஜஸ்ட் பூரா உன் பக்கம்தான். ஒரு கை முன்னால நீட்டு, ஒரு கையைப் பின்னால விடு, தோள் சரியும். மூச்சை வெளிய விடு, நெஞ்சு அமுங்கும், ஒரு விரக்கடை நகரு. மூச்சை இழு, நில்லு. பதறினா மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினா நெஞ்சு விரியும், விரிஞ்சா இறுகும். கீழ சரியற பொந்துல தலையை முன்னால குடுத்துப் போகவே கூடாது. 2009-ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல நட்டி பட்டிங்கற கெவியில, டாக்டருக்குப் படிச்ச வாலிபப் புள்ளை ஒண்ணு அப்படிப் போயி தலைகீழா மாட்டிக்கிச்சு. ஒரு நாளுக்கு மேல போராடிப் பாத்தாங்க. முடியல. ஒடம்பையும் எடுக்க முடியாம அந்தக் கெவியையே மூடிட்டாங்க. பொண்டாட்டி, கைக்குழந்தை எல்லாம் இருந்துச்சு. இதுல கேலி பண்ண ஒண்ணும் இல்ல.

எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க பெரியவங்க. வாடகை வீட்டுக்காரனுக்குச் சொன்னது அது. நெசமாவே எலி வளைக்குள்ள போயி பொழைக்கறவங்க இருக்காங்க தெரியுமா? உத்தராகண்ட்ல சில்க்யாரா சுரங்கப்பாதை சரிஞ்சுச்சே, 2023 நவம்பர் 12, தீபாவளி அன்னைக்கு. உள்ள 41 பேரு. அமெரிக்கா மெஷின் வந்துச்சு. வெளிநாட்டு நிபுணர் வந்தாரு. டிவிக்காரன் மெஷினோட குதிரைசக்தி வரைக்கும் சொன்னான். இன்னும் பத்துப் பன்னெண்டு மீட்டர் இருக்கறப்போ மெஷின் உள்ளுக்குள்ளயே முறிஞ்சு உக்காந்துக்கிச்சு. அப்புறம் யாரைக் கூட்டியாந்தாங்க? எலிவளைச் சுரங்கக்காரங்களை. முக்கா மீட்டரை விடக் கொஞ்சம் அகலமான குழாய். அதுக்குள்ள தவழ்ந்து போயி ஒருத்தன் கையால தோண்ட, ஒருத்தன் மண்ணை அள்ள, வெளிய நிக்கறவன் இழுக்க. ஒரு நாள் வேலை. 28-ஆம் தேதி 41 பேரும் வெளிய வந்தாங்க. அவங்ககிட்ட போயி, "உங்க பயத்தை எப்படி ஜெயிச்சீங்க, சொல்லுங்க ப்ரோ"ன்னு மைக்கை நீட்டிப் பாரு. "கூலி எப்ப வரும்"னு உன்னைத் திருப்பிக் கேப்பாங்க.

அந்த எலிவளைத் தொழிலையே பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல மேகாலயாவுல தடை பண்ணிடுச்சு. பண்ணினது சரிதான். தடைக்கு அப்புறமும் 2018 டிசம்பர் 13-ல ஜைந்தியா மலை க்சான்ல நிலக்கரி வெட்டப் போனவங்க மேல தண்ணி பூந்துச்சு. பதினஞ்சு பேரு. நீ பணம் கட்டிப் போகப்போற அதே ஜைந்தியா மலைதான் கண்ணு. ஒரு பொந்துக்கு நீ காசு குடுக்கற. அடுத்த பொந்துல காசுக்காக எறங்கினவன் ஏறி வரல. போறப்போ அந்த ஞாபகம் இருக்கட்டும். கத்திக் கூப்பாடு போட்டு ரீல்ஸ் எடுக்கறப்போ கொஞ்சம் கொரலாவது தணியும்.

தண்ணியைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? தொட்டஹள்ளா ஆத்தைப் பாத்து வளந்தவன் நீ. இங்க வெயில் காயும். மேற்க எங்கியோ இடி இடிக்கும். கொஞ்ச நேரத்துல செந்தண்ணி மாட்டையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும். கெவிக்குள்ளயும் அதேதான். ஓடிக் கரையேறத்தான் எடம் இருக்காது. தாய்லாந்துல தாம் லுவாங் கெவிக்குள்ள 2018 ஜூன் 23-ல பந்து விளையாடற பசங்க 12 பேரும் கோச்சும் போனாங்க. மழை வந்து வாசலை அடைச்சுது. ஜூலை 10-ல தான் கடைசி ஆளு வெளிய வந்தான். காப்பாத்தப் போன முக்குளிப்பாளர் ஒருத்தர் செத்தே போனாரு. தண்ணி எறைக்க யோசனை சொல்ல நம்ம நாட்டு கிர்லோஸ்கர் ஆளுங்க போயிருந்தாங்க. எங்க கெணத்துலயும் கிர்லோஸ்கர் மோட்டார்தான். தாய்லாந்துக்கே போயிட்டு வந்துட்டான், எங்க ஊர்ல மட்டும் கரண்டு இருந்தாத்தான் வேலை செய்வான்.

காத்து விஷயமும் ஒண்ணு உண்டு. பாழுங்கெணத்துல தூர் வார எறங்கறதுக்கு முந்தி எங்காளுங்க லாந்தரைக் கயித்துல கட்டி விடுவாங்க. அணைஞ்சா ஒருத்தனும் எறங்கமாட்டான். வேப்பங்கொழையைக் கட்டி மேலயும் கீழயும் அடிச்சுக் காத்தைக் கலைச்சு, மறுபடி லாந்தரை விட்டுப் பாப்பாங்க. உன் தொப்பி லைட்டு பேட்டரி. நல்ல காத்துலயும் எரியும், கெட்ட காத்துலயும் எரியும். அது ஒண்ணும் சொல்லாது.

கொடைக்கானல் குணா கெவியை எடுத்துக்க. 1991-ல படம் வந்து பேரு வாங்கின எடம். 2006-ல கேரளாப் பையன் ஒருத்தன் உள்ள விழுந்து, கூட வந்த சேக்காளி ஒருத்தன் கயித்தைக் கட்டிக்கிட்டு எறங்கித் தூக்கியாந்தான். 2024-ல அதையும் படமா எடுத்தாங்க. விழுந்தா எப்படியிருக்கும்னு காட்டிப் பயமுறுத்தினா, ஜனம் என்னா பண்ணுச்சு? விழுந்த எடத்தைப் பாக்கக் குடும்பத்தோட கார் எடுத்துக்கிட்டுப் போச்சு. அந்தக் கதையிலயும் எறங்கினவன் யாருன்னு பாத்துக்க. சம்பளத்துக்கு வந்த ஆளு ஒருத்தனும் இல்ல.

"அவ்ளோ தூரம் வேணாம் தாத்தா, நம்ம காட்டுலயே பாறை இருக்கே, கயிறு கட்டிப் பழகிக்கறோம்"னு நேத்து உன் சேக்காளி கேட்டான். கட்டுங்க. 2014-ல இருந்து அது காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். ரேஞ்சர் ஆபீஸ்ல அனுமதி கேக்கணும். அவர் குடுத்தாலும் ஆனை குடுக்கணும். ராகி கதிர் புடிக்கற மாசத்துல பரண் மேல படுத்துக்கிட்டுத் தகரம் தட்டறோமே, அதை யாருக்காகன்னு நெனைச்ச? பாறை இடுக்குல குட்டியோட படுத்திருக்கற கரடி உன் காப்பீட்டுப் பேப்பரைப் படிச்சுப் பாக்காது.

புளியமரம் நம்மது. அதுல கட்டிக்க. வாரு, கொக்கி எல்லாம் மாட்டிக்கிட்டு பகல்ல ஏறு, எறங்கு, கண்ணைக் கட்டிக்கிட்டு ஏறு. நான் கட்டில் போட்டு உக்காந்து பாக்கறேன், பீசு வேணாம். பழகினப்புறம் மேகாலயாவுக்குத் தாராளமாப் போ. ஆனா அதுக்கு முந்தி ஒண்ணு. உங்கம்மா ஊரிகத்துல ஒரு பொண்ணு பாத்திருக்கா. நல்ல எடம். பொண்ணுக்கு அண்ணன் ரெண்டு பேரு, ரெண்டும் கல்குவாரியில வேலை செய்யற பசங்க, கை ஒவ்வொண்ணும் ஒலக்கை. பொண்ணை நீ பாத்துக்க. அந்த ரெண்டு பேரையும் நான் பாத்துட்டேன், எனக்குப் புடிச்சிருக்கு.